பழைய டிவி நகைச்சுவையின் பின்னணி இசை: கண்டுபிடிக்க முடியாதபோது என்ன செய்வது

1960 முதல் 1980 வரை வந்த பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களில், துரத்தல் காட்சிக்கும் அசட்டு அணிவகுப்புக்கும் பின்னால் ஓடும் இசையில் பெரும்பங்கு அந்தத் தொடருக்காக எழுதப்பட்டதல்ல. அது லைப்ரரி இசை. டி வுல்ஃப் (1909இல் தொடங்கியது), சாப்பெல், கேபிஎம் போன்ற நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பதிவுசெய்து, கடையில் விற்காத இசைத்தட்டுகளாக ஒளிபரப்பு நிலையங்களுக்கு அனுப்பிவைத்தன. நிலையத்தில் இருந்தவர் காட்சிக்குப் பொருந்தும் தட்டை எடுத்து, வேண்டிய வினாடிகளை மட்டும் வெட்டிச் சேர்த்தார். இறுதிப் பெயர்ப்பட்டியலில் அது வராது. ஆனால் உரிமைத்தொகை கொடுக்க வேண்டும் என்பதால், எந்தத் துண்டு எத்தனை வினாடி ஓடியது என்று ஏதோ ஒரு தாளில் எழுதியே ஆக வேண்டும்.

இந்தத் தேடலில் பலர் வழிதவறுவது இங்கேதான். ஷாசாம் போல, ஒலியைக் கேட்டு இசையை அடையாளம் சொல்லும் செயலியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். காது பாதி வழிக்குத்தான் கொண்டுபோகும், மீதி வழி காகிதத்தில் இருக்கிறது. கீழே உள்ள தலைப்புகள் நீங்கள் சந்திக்கும் சிக்கல்கள். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம், ஆனால் முதலில் ஒலித்துண்டைச் சரியாக எடுத்துக்கொள்ளுங்கள். டிவி முன்னால் போனைப் பிடித்துப் பதிவுசெய்ய வேண்டாம். டிவிடியிலிருந்தோ கோப்பிலிருந்தோ நேராக, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். 10 முதல் 15 வினாடி, வசனம் குறைந்த இடம். கோப்பின் பெயரிலேயே தொடர், பகுதி எண், ஒளிபரப்பான தேதி, துண்டு தொடங்கும் நிமிடம், வினாடி எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். பின்னால் எந்த அலுவலகத்திடம் கேட்டாலும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

ஷாசாம் எதையும் கண்டுபிடிப்பதில்லை

காரணம் இரண்டில் ஒன்று: அந்தப் பதிவு அவர்களுடைய தரவில் இல்லை, அல்லது இருக்கிறது ஆனால் உங்கள் துண்டின் வேகம் மாறியிருக்கிறது. இரண்டாவதை முதலில் பாருங்கள், அது ஐந்து நிமிட வேலை.

இந்தச் செயலிகள் மெட்டைக் கேட்பதில்லை. ஒலியில் எந்த அதிர்வெண்ணில், எந்தக் கணத்தில் உச்சம் வருகிறது என்று புள்ளிகளாகக் குறித்து, அந்தப் புள்ளிகளுக்கிடையிலான இடைவெளிகளைத் தரவோடு ஒப்பிடுகின்றன. பின்னணியில் சத்தம் இருந்தாலும் ஓரளவு தாங்கும், ஆனால் வேகம் நாலு சதவீதம் மாறினாலே புள்ளிகள் எல்லாம் இடம் மாறிவிடும்.

வேகம் ஏன் மாறுகிறது? அமெரிக்கத் தொடர்கள் வினாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) என்ற கணக்கில் ஃபிலிமில் எடுக்கப்பட்டன. பிரிட்டன் போல, பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையைப் பயன்படுத்திய நாடுகளில் அதை 25 சட்டமாக ஓட்டினார்கள். விளைவு: எல்லாம் சுமார் 4 சதவீதம் வேகம், சுருதி முக்கால் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்வு. 440 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய சுரம் 458இல் ஒலிக்கும். கீபோர்டில் வாசித்துப் பார்த்தால் இசை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதுபோல் எதிலும் பொருந்தாது. இது நல்ல அறிகுறி. இன்னொரு சோதனை ஓடும் நேரம்: உங்கள் பிரதி சரியாக 25 நிமிடம் என்றால் மூலப் பிரதி 26 நிமிடமும் இரண்டு மூன்று வினாடிகளும் இருக்கும். பிரிட்டிஷ் தொடர்களில் வெளிப்புறக் காட்சிகளையும் பெரும்பாலும் 25 சட்டத்திலேயே எடுத்ததால் இந்தச் சிக்கல் பொதுவாக அவற்றில் இல்லை. அங்கே வேகம் மாறியிருந்தால் அது இசையைச் சேர்த்தவர் செய்த மாற்றம்.

சரிசெய்வது இப்படி:

1. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் துண்டைத் திறந்து, வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் விளைவைத் தேர்ந்தெடுங்கள். தாளவேகத்தை மட்டும் மாற்றும் விளைவு வேறு. அது சுருதியை அப்படியே விட்டுவிடும், இங்கே உதவாது.
2. பால் வேகத்தைத் திருப்ப, கழித்தல் 4.0 சதவீதம் கொடுத்து ஏற்றுமதி செய்து செயலியிடம் கேட்கவிடுங்கள்.
3. கிடைக்கவில்லையா? கழித்தல் 6 முதல் கூட்டல் 6 வரை ஒவ்வொரு சதவீதமாகப் பிரதிகள் எடுத்து வரிசையாகச் சோதியுங்கள்.
4. துரத்தல் காட்சி என்றால் இன்னும் தைரியமாக மாற்றுங்கள். 33⅓ சுற்றுத் தட்டை 45இல் ஓட்டியிருந்தால் கழித்தல் 25.9 சதவீதம். ஒலிநாடாவை வினாடிக்கு 7½ அங்குலத்துக்குப் பதில் 15இல் ஓட்டியிருந்தால் கழித்தல் 50.

இதற்குப் பிறகும் பதில் வராவிட்டால், அந்தப் பதிவு தரவில் இல்லை என்று எடுத்துக்கொண்டு காகிதப் பக்கம் நகரலாம். முழுக் கோப்பை வைத்து அடையாளம் காணும் அக்கவுஸ்ட்ஐடி போன்றவற்றை இந்த வேலைக்கு முயலவே வேண்டாம். அவை முழுப்பாட்டுக்கானவை, வசனம் கலந்த பத்து வினாடித் துண்டை அவற்றால் பொருத்த முடியாது.

சிரிப்பொலி இசையை மூடிவிடுகிறது

முதலில் உங்கள் கோப்பு உண்மையில் ஸ்டீரியோவா என்று பாருங்கள். பிபிசி டிவியில் ஸ்டீரியோ ஒலி முறையாக வந்தது 1991இல்தான். அதற்கு முந்தைய தொடர்கள் பெரும்பாலும் மோனோ. டிவிடியில் இரண்டு தடங்கள் தெரிந்தாலும் இரண்டும் ஒன்றின் நகல். ஒரு தடத்தின் அலையை மேல்கீழாகத் திருப்பி (இன்வர்ட்) மற்றதோடு கலந்து பாருங்கள்: முழு அமைதி வந்தால் மோனோ. அப்படியிருந்தால், இடது வலது வித்தியாசத்தை வைத்துக் குரலை நீக்கும் பழைய முறைகள் எதையும் செய்யாது.

டெமுக்ஸ், ஸ்ப்ளீட்டர் போன்ற பிரிப்பு மென்பொருள்கள் மோனோவிலும் வேலை செய்யும். டெமுக்ஸ் ஒலியைக் குரல், டிரம், பேஸ், மற்றவை என நான்காகப் பிரிக்கும். வசனமும் சிரிப்பில் ஒரு பகுதியும் குரல் தடத்துக்குப் போய்விடும், மிச்சச் சிரிப்பு ‘மற்றவை’ தடத்தில் இரைச்சலாக ஒட்டிக்கொண்டிருக்கும். குரலை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். சுத்தமாக இருக்காது, பித்தளைக் கருவிகள் கொஞ்சம் நொறுங்கி ஒலிக்கும், ஆனால் மெட்டைப் பிடித்துக்கொள்ள இது போதும்.

மென்பொருளைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் நகைச்சுவைகளில் அரங்கக் காட்சிகளை வீடியோவிலும் வெளிப்புறக் காட்சிகளை ஃபிலிமிலும் எடுத்தார்கள். லைப்ரரி இசை அதிகம் வருவது ஃபிலிம் பகுதியில். அந்த ஃபிலிமை அரங்கில் இருந்த பார்வையாளர்களுக்குத் திரையிட்டு, அவர்கள் சிரிப்பதைப் பதிவுசெய்தார்கள். ஆகவே முதல் நகைச்சுவை விழும்வரை சிரிப்பு வராது. வெளிப்புறக் காட்சி தொடங்கும் முதல் மூன்று நான்கு வினாடிகள்தான் தேடுபவருக்குத் தங்கம். அதே இசை தொடரின் வேறு பகுதியிலும் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய தொடர்கள் நிறைய, ஏதாவது ஓர் இடத்தில் அது தெளிவாகக் கேட்கும்.

மெட்டு மனதில் நிற்கிறது, சொல்லத் தெரியவில்லை

பழைய அணிவகுப்பு இசையோ செவ்வியல் துண்டோ என்று சந்தேகம் இருந்தால் பார்சன்ஸ் குறியீடு நன்றாக உதவும். 1975இல் டெனிஸ் பார்சன்ஸ் வெளியிட்ட முறை இது: முதல் சுரத்துக்கு நட்சத்திரக் குறி, பிறகு ஒவ்வொரு சுரமும் முந்தையதைவிட மேலே போனால் யு, கீழே வந்தால் டி, அதே சுரமானால் ஆர். ‘ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்’ என்ற அடி இதில் நட்சத்திரம், ஆர், யு, ஆர், யு, ஆர், டி என்று வரும். சுருதி, தாளம் எதுவும் தெரிய வேண்டியதில்லை. மியூசிபீடியா தளத்தில் இதை ஆங்கில எழுத்துகளாகத் தட்டிப் பார்க்கலாம். பன்னிரண்டு சுரமாவது கொடுங்கள், அதற்குக் குறைந்தால் பொருத்தங்கள் நூற்றுக்கணக்கில் வரும்.

இந்த வழி உண்மையிலேயே பலன் தரும் இடம் இருக்கிறது. மான்டி பைத்தான்’ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ் தொடரின் (1969–74) முகப்பு இசை, ஜான் ஃபிலிப் சூசா 1893இல் எழுதிய ‘தி லிபர்ட்டி பெல்’ அணிவகுப்பு. எழுதியவருக்கு உரிமைத்தொகை கொடுக்க வேண்டியதில்லை என்பதால் பழைய அணிவகுப்புகள் நகைச்சுவைத் தயாரிப்பாளர்களுக்குப் பிடித்தமானவை. ஆனால் இசைக்கு உரிமை தீர்ந்திருந்தாலும் அதை வாசித்த பதிவுக்குத் தீர்ந்திருக்காது. மெட்டைக் கண்டுபிடித்தது ஒன்று, அந்தத் தொடரில் ஒலித்த அதே பதிவைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. பைத்தானில் வாசித்தது கிரெனடியர் கார்ட்ஸ் படைப்பிரிவின் வாத்தியக் குழு. வேறு குழுவின் பதிவை வைத்து ஒப்பிட்டால் வேகமும் ஒலியும் பொருந்தாமல், தவறான துண்டோ என்று வீணாகக் குழம்புவீர்கள்.

திரையில் இசையமைப்பாளர் பெயர் இருக்கிறது, ஆனால் அவர் படைப்புகளில் இது இல்லை

திரையில் வரும் இசையமைப்பாளர் பெயர் பெரும்பாலும் முகப்பு இசைக்கு மட்டுமே. ரோனி ஹேசில்ஹர்ஸ்ட் பிபிசி நகைச்சுவைகள் பலவற்றுக்கு முகப்பு இசை எழுதியவர். ‘சம் மதர்ஸ் டூ ’ஏவ் ’எம்’ முகப்பில் தொடரின் பெயரையே மோர்ஸ் குறியீடாகப் பிக்கலோ குழல்களில் ஊதவைத்திருக்கிறார், கேட்கும்போதெல்லாம் வியக்கவைக்கும் வேலை. அவர் பெயரைப் பார்த்தவுடன் பகுதிக்குள் வரும் எல்லாத் துண்டுகளும் அவருடையவை என்று நினைத்தால் தேடல் தொடக்கத்திலேயே முட்டிக்கொள்ளும்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு பைத்தான் குழுவின் 1975 திரைப்படமான ‘மான்டி பைத்தான் அண்ட் த ஹோலி கிரெய்ல்’. நீல் இன்னஸ் அதற்குப் பின்னணி இசை எழுதினார். ஆனால் அதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு டி வுல்ஃப் லைப்ரரி இசையை வைத்தார்கள். பாடல்கள் அவருடையவை, வீராவேசமாக முழங்கும் பின்னணி அவருடையதல்ல. அதை இன்னஸின் இசைத்தொகுப்புகளில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது.

எதிர்த்திசையும் உண்டு: நீங்கள் தேடுவது அந்தத் தொடருக்கென்றே எழுதப்பட்டதாக இருக்கலாம். அமெரிக்க உரிமை அமைப்புகளான அஸ்காப், பிஎம்ஐ இரண்டின் தேடுதளங்களும் எல்லோருக்கும் திறந்தவை. அங்கே தொடரின் பெயரைப் போடுங்கள். பெயருக்குப் பின்னால் ‘கியூஸ்’ என்று சேர்த்துப் பதிவாகியிருந்தால், அது அந்தத் தொடருக்காக எழுதிய பின்னணித் துண்டுகளின் மொத்தப் பதிவு. இசை லைப்ரரிகளில் அதைத் தேடுவது வீண். இசையமைப்பாளரின் பதிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும்.

லைப்ரரி இசைதான் என்று உறுதி, எந்த லைப்ரரி என்று தெரியவில்லை

ஒலியே கொஞ்சம் சொல்லும். வயலின்கள் மிதக்கும், பளபளப்பான மெல்லிசை, 1940–50களின் வாசம் என்றால் சாப்பெலில் தொடங்குங்கள். குவீன்ஸ் ஹால் லைட் ஆர்க்கெஸ்ட்ரா அவர்களுக்காகப் பதிவுசெய்தது. சார்ல்ஸ் வில்லியம்ஸின் ‘டெவில்ஸ் கேலப்’ முதலில் பிபிசி வானொலியில் டிக் பார்ட்டன் துப்பறியும் தொடருக்கு முகப்பாகி, பிறகு துரத்தல் காட்சிகளைக் கிண்டலடிக்கும் இசையாகவே ஆகிவிட்டது. ஹாமண்ட் ஆர்கன், தடித்த பேஸ், பித்தளை முழக்கம் என்றால் 1960களின் இறுதியும் 70களும்: கேபிஎம்மின் பச்சை உறை 1000 வரிசை, ஆலன் ஹாக்ஷா, கீத் மான்ஸ்ஃபீல்ட், ஜானி பியர்சன் பெயர்கள். பைத்தான் உலகம் என்றால் டி வுல்ஃப். 1970களின் இறுதிக்குப் பின் என்றால் புரூட்டன் நிறுவனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தொடர் என்றால் 1950களின் இறுதிக்கு கேப்பிட்டல் நிறுவனத்தின் ஹை-கியூ தொகுப்பு. 1958 இசைக்கலைஞர் வேலைநிறுத்தத்தின்போது வார்னர் கார்ட்டூன்கள் சிலவற்றிலும் அந்தத் துண்டுகள்தான் நிரப்பின.

இந்த நிறுவனங்கள் பலவற்றின் பழைய தொகுப்புகள் இப்போது இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. அமெரிக்காவில் ஏபிஎம் என்ற லைப்ரரி இசைத் தளம் கேபிஎம், புரூட்டன் இரண்டையும் தருகிறது. தேடும்போது மெட்டை விவரிக்காதீர்கள், காட்சியை விவரியுங்கள். லைப்ரரித் துண்டுகளுக்குப் பெயரும் விளக்கமும் வைத்தவர்கள் தயாரிப்பாளர் எப்படித் தேடுவார் என்று எண்ணியே வைத்தார்கள்: துரத்தல், மௌனப்படப் பியானோ, ஆடம்பர அணிவகுப்பு, பதுங்கி நடத்தல், சோம்பலான கிராமம். இவற்றின் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஆண்டு வரம்பும் கொடுத்து, ஒவ்வொரு முடிவிலும் முதல் ஐந்து வினாடியை மட்டும் கேளுங்கள். உங்கள் துண்டு இசையின் நடுவிலிருந்து வெட்டியதாகத் தோன்றினால் நாற்பதாவது வினாடிக்கு அருகிலும் தட்டிப் பாருங்கள்.

இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில், லைப்ரரி நிறுவனத்தின் பக்கத்தில் தட்டுகள் எண் வரிசையில் இருக்கும். தொடர் வெளிவந்த ஆண்டுக்கு முந்தைய நான்கைந்து ஆண்டுத் தட்டுகளின் பின்னட்டைப் படங்களைப் பெரிதாக்கிப் படியுங்கள். துண்டின் பெயர், எழுதியவர், ஒரு வரி விளக்கம், நிமிடம் வினாடி எல்லாம் அங்கே அச்சாகியிருக்கும். வாசித்த குழுவின் பெயரை வைத்துத் தேடினால் பயனில்லை. டி வுல்ஃப் தட்டுகளில் ‘இன்டர்நேஷனல் ஸ்டூடியோ ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற பொதுப்பெயர் ஏராளமாக வரும், அது எதையும் குறுக்கித் தராது.

பிபிசி தொடர், காதால் எதுவும் நடக்கவில்லை

பிபிசி தொடர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ‘ப்ரோகிராம் ஆஸ் ப்ராட்காஸ்ட்’ என்ற ஆவணம் தயாரித்தார்கள், சுருக்கமாகப் பாஸ்பி. ஒளிபரப்பான நேரம், பங்கேற்றவர்கள், பயன்படுத்திய இசை எல்லாம் அதில் வரும். ரெடிங் நகரின் கேவர்ஷாமில் உள்ள பிபிசி எழுத்து ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. அங்கே கேட்க, பகுதியின் முதல் ஒளிபரப்புத் தேதி சரியாகத் தெரிய வேண்டும். அதற்கு பிபிசி ஜீனோம் தளம் இருக்கிறது: 1923 முதல் 2009 வரையிலான ரேடியோ டைம்ஸ் நிகழ்ச்சிப் பட்டியல் முழுவதும் அதில் தேடலாம். ரேடியோ டைம்ஸ் பின்னணி இசையைச் சொல்லாது, தேதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மறு ஒளிபரப்புத் தேதியை முதல் ஒளிபரப்பாக எடுத்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

பாஸ்பியில் ஒரே பகுதிக்கு எட்டுப் பத்து இசைத் துண்டுகள் இருக்கலாம். எது உங்களுடையது என்பதை ஓடிய நேரம் சொல்லும். உங்கள் காட்சியில் இசை 22 வினாடி ஓடுகிறது என்றால் அதற்கு அருகில் உள்ள வரிகளை மட்டும் எடுத்துத் தேடுங்கள். தனியார் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இதற்கு இணையானது கியூ ஷீட், அதாவது பயன்படுத்திய இசைத் துண்டுகளின் பட்டியல் தாள். நிறுவனங்கள் கைமாறியதில் அவை சிதறிக் கிடக்கின்றன, ஆகவே அங்கே லைப்ரரி நிறுவனத்திடம் நேராகக் கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஒரே துண்டு இரண்டு பெயர்களில் வருகிறது

லைப்ரரி இசையில் புனைபெயர் வழக்கம். ஒரு பதிப்பாளரோடு ஒப்பந்தத்தில் இருந்தவர் இன்னொருவருக்கு எழுத வேறு பெயர் வைத்துக்கொள்வார். டி வுல்ஃப் தட்டுகளில் காணும் ஜாக் டிராம்பி என்பவர் டச்சு இசையமைப்பாளர் யான் ஸ்டூக்கார்ட். ‘வான் டெர் வால்க்’ துப்பறியும் தொடரில் ஒலித்து, சைமன் பார்க் குழு வாசிக்க 1973இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ‘ஐ லெவல்’ அவருடையதுதான். அர்னால்ட் ஸ்டெக் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் லெஸ்லி ஸ்டாதம். ஒரு பெயரில் தேடல் முட்டினால் அவருடைய மற்றப் பெயர்களைக் கண்டறிந்து ஒவ்வொன்றிலும் தேடுங்கள். உரிமைத் தளங்களில் இசையமைப்பாளருக்குப் பக்கத்தில் உள்ள ஐபிஐ என்ற அடையாள எண் பெயருக்குப் பெயர் மாறும், எனவே எண் வேறு என்பதால் ஆளும் வேறு என்று முடிவுகட்டாதீர்கள்.

டிவியில் கேட்ட இசை டிவிடியில் இல்லை

நினைவு பிசகவில்லை, பிரதி மாறியிருக்கிறது. ஒளிபரப்புக்கு வாங்கிய உரிமை டிவிடிக்குச் செல்லாதபோது இசையை மாற்றிவிடுவார்கள். ‘டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி’ (1978–82) இதில் பெயர்போனது. வானொலி நிலையத்தில் நடக்கும் கதை என்பதால் பாட்டுகள் நிறைந்த தொடர். பின்னாளில் பல பாட்டுகளை எடுத்துவிட்டு அடையாளமற்ற இசையை வைத்தார்கள், 2014 டிவிடி தொகுப்பில்தான் பெரும்பகுதி திரும்பியது. ‘மேரீட் வித் சில்ட்ரன்’ முகப்புப் பாட்டும் மூன்றாம் பருவ டிவிடியிலிருந்து மாற்றப்பட்டது. இந்த நிலையில் டிவிடியிலிருந்து எடுத்த துண்டை வைத்துத் தேடுவதே தவறு. முதல் ஒளிபரப்பின்போது வீட்டில் பதிவான நாடாப் பிரதி வேண்டும்.

பொருத்தம் கிடைத்தது, சரிதானா என்று சந்தேகம்

இரண்டு ஒலியையும் ஆடாசிட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, முதல் தாள அடியை நேராக்குங்கள். நடுவிலும் இறுதியிலும் அடிகள் பொருந்துகின்றனவா பாருங்கள். விலகல் சீராக வளர்ந்தால், உதாரணமாக 15 வினாடியில் 0.6 வினாடி, அது அதே பதிவுதான், வேகம் மட்டும் 4 சதவீதம் வேறு. விலகல் முன்னும் பின்னுமாகத் தாவினால் அதே இசையின் வேறொரு பதிவு. ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று குதித்து, பிறகு சீராகப் போனால் அங்கே நாடாவை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒன்றைத் தலைகீழாக்கிக் கழித்துப் பார்ப்பது இங்கே எதிர்பார்த்த அளவுக்கு உதவாது. அந்தக் காலத்து நாடாவின் வேகம் லேசாக ஆடும் என்பதால் இசை முழுவதும் மறையாது. அலைமாலைப் படத்தில் (ஸ்பெக்ட்ரோகிராம்) இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நம்பகமானது.

பெயர் கிடைத்தது, பதிவு எங்கும் இல்லை

லைப்ரரித் தட்டுகள் குறைந்த எண்ணிக்கையில் அச்சானவை, எல்லாமே மின்வடிவம் பெறவில்லை. நிறுவனத்துக்கு எழுதும்போது தட்டு எண், பக்கம், துண்டின் வரிசை எண் மூன்றையும் கொடுங்கள், ‘அந்தத் துரத்தல் இசை’ என்று எழுதினால் பதில் வராது. மூலநாடா அவர்களிடம் இருந்தால் மின்வடிவாக்கத் தொகுப்பில் சேர்க்க வாய்ப்புண்டு.

பதிவே அழிந்துபோன நிலையிலும் வழி இருக்கிறது. லாரல் ஹார்டி குறும்படங்களுக்கு லீராய் ஷீல்ட் எழுதிய பின்னணி இசையின் மூலத் தாள்கள் தொலைந்துபோயிருந்தன. நெதர்லாந்தின் ‘தி போ ஹங்க்ஸ்’ குழு படங்களின் ஒலித்தடத்திலிருந்தே, வசனத்துக்கு அடியில் ஓடியதைக் கேட்டுக் கேட்டுச் சுரம் எழுதி, 1990களில் அவற்றை முழு இசையாக வாசித்துப் பதிவுசெய்தது. ஒரே துண்டு வெவ்வேறு படங்களில் வெவ்வேறு இடங்களில் வசனத்திலிருந்து விடுபட்டு ஒலிக்கும்; அந்தத் துணுக்குகளைச் சேர்த்தால் முழுத் துண்டும் கிடைக்கும். உங்கள் தொடரிலும் அந்த இசை வரும் இடங்களை எல்லாம் பகுதி எண், நிமிடம், வினாடி, மேலே வசனம் உண்டா இல்லையா என்று அட்டவணையாக்கிக்கொண்டு, வசனமில்லாத இடங்களிலிருந்து சுரம் எழுதத் தொடங்குங்கள்.